அணைந்து அணைந்து எரியும் ஃபர்னஸ்: கோளாறு எங்கே?

வெளியே மைனஸ் 20 பாகை. பேஸ்மென்டில் ஃபர்னஸ் பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்கிறது. இரண்டு மூன்று நிமிடம் ஓடி அடங்கிவிடுகிறது. மாடி அறையில் வெதுவெதுப்பு ஏறுவதற்குள் மறுபடி சத்தம், மறுபடி அமைதி. ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் என்று டொராண்டோவைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஊர்களில் ஜனவரி வந்தால் இந்தக் கதை ஏதாவது ஒரு வீட்டில் நடக்கும். அடுத்துப் பழுதுபார்க்க வருபவர் என்ன சொல்வார் என்பதும் பலருக்குத் தெரிந்ததுதான்: “இது பழசு, மாற்றிவிடுங்கள்.” பல ஆயிரம் டாலர் ரொக்கம், அல்லது பத்தாண்டு மாத வாடகை. குளிரில் நடுங்கும் வீட்டில் பேரம் பேச யாருக்கும் தெம்பு இருப்பதில்லை.

ஆனால் செத்துப்போன இயந்திரம் இப்படி விட்டுவிட்டு ஓடாது. ஏதோ ஒன்று அதை நிறுத்துகிறது. எது நிறுத்துகிறது என்று கண்டறியாமல் புதியதை வாங்கினால், பழைய கோளாறு புதிய பெட்டிக்குள் குடியேறும். வாங்கிய புதிய ஃபர்னஸும் முதல் குளிர்காலத்திலேயே அதேபோல் நின்று நின்று ஓடினால், தவறு இயந்திரத்தில் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு.

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தலைமுறைக்கு, வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் ஊரில் கண்டிராத ஒன்று. கிணற்று மோட்டாரையும் சைக்கிளையும் தாங்களே பிரித்துப் பூட்டிய கைகள் பேஸ்மென்டின் அந்த இரும்புப் பெட்டிக்கு முன்னால் தயங்கின. தயக்கத்தில் நியாயம் உண்டு, உள்ளே எரிவது வாயு. ஆயினும் தொடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அது எப்படி வேலை செய்கிறது என்றே தெரிந்துகொள்ளாமல் விட்டது, விற்க வருபவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்டதும் ஃபர்னஸில் முதலில் சுழல்வது புகையை வெளியேற்றும் சிறிய விசிறி. குழாயில் காற்று சரியாக இழுபடுகிறதா என்று ஓர் அழுத்த சுவிட்ச் பார்க்கிறது. அது சம்மதித்தால்தான் இக்னைட்டர் பழுக்கக் காய்கிறது, வாயு வால்வு திறக்கிறது, சுடர் பிடிக்கிறது. சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபிளேம் சென்சார் என்ற மெல்லிய உலோகக் குச்சி, சுடர் வழியே பாயும் நுண்ணிய மின்சாரத்தை வைத்து ‘தீ இருக்கிறது’ என்று சொல்கிறது. அந்த மின்சாரம் ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் சில பங்குதான். அரை நிமிடம்போல் கழித்துப் பெரிய காற்றாடி கிளம்பி, வெப்பப் பரிமாற்றக் கூட்டைச் சுற்றி வீட்டுக் காற்றைத் தள்ளுகிறது. அந்தக் கூடு மிதமிஞ்சிச் சூடாகிறதா என்று லிமிட் சுவிட்ச் கண்காணிக்கிறது. இத்தனை காவலர்களில் எவரும் தனியாகவே தீயை அணைக்கலாம். அணைத்தால், பெரும்பாலும் அவர் தன் கடமையைச் செய்கிறார் என்று பொருள்.

ஆகவே ஃபர்னஸ் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் கவனிப்பதே பாதி வேலை. சுடர் பிடித்த சில நொடிகளிலேயே அணைந்து, மீண்டும் முயன்று, மீண்டும் அணைந்தால் சந்தேகம் ஃபிளேம் சென்சார் மீது. அதன் மேல் படியும் மெல்லிய படலம் மின்சாரத்தைத் தடுக்கிறது. தீ எரிந்துகொண்டிருந்தும் தீ இல்லை என்று ஃபர்னஸின் கட்டுப்பாட்டுப் பலகை நம்பி வாயுவை மூடுகிறது. சில முறை முயன்று தோற்றபின் ஃபர்னஸ் தன்னையே பூட்டிக்கொண்டு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்கும். டெக்னீசியனுக்கு இது ஒரு திருகைக் கழற்றித் துடைத்து மாட்டும் வேலை. சிறு விசிறி மட்டும் சுழன்று, தீயே பிடிக்காமல் நின்றால், அல்லது பெட்டிக்குள் தண்ணீர் களகளக்கும் சத்தம் கேட்டால், புகைக்குழாயையோ வடிகுழாயையோ பார்க்க வேண்டும். புதிய வகை ஃபர்னஸ்கள் புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அந்த வெப்பத்தையும் பிழிந்தெடுப்பவை. கனடாவில் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரானவை குறைந்தது 95 சதவீதத் திறன் கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. பிழிந்தெடுத்ததன் விளைவாக ஊறும் தண்ணீர் மெல்லிய குழாய் வழியே வடிந்தாக வேண்டும். அந்தக் குழாயில் பாசி அடைத்தாலோ, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைக் குழாய்களைப் பனி மூடினாலோ, அழுத்த சுவிட்ச் கதவைச் சாத்திவிடும். 2025 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் டொராண்டோவில் அரை மீட்டர் அளவுக்குப் பனி கொட்டியது போன்ற நாட்களில், வாசலைத் தள்ளிச் சுத்தம் செய்யும் கையோடு வீட்டின் பக்கவாட்டையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.

பலகை சும்மா இருப்பதில்லை. என்ன நடந்தது என்று சொல்லவும் செய்கிறது. ஃபர்னஸ் கதவில் உள்ள சிறு கண்ணாடித் துளை வழியே பார்த்தால் ஒரு விளக்கு கண்சிமிட்டுவது தெரியும். எத்தனை முறை சிமிட்டினால் என்ன கோளாறு என்ற பட்டியல் பெரும்பாலும் கதவின் உட்பக்கத்திலேயே ஒட்டப்பட்டிருக்கும். அந்தச் சிமிட்டலைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது, டெக்னீசியன் வருமுன் வீட்டுக்காரர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை. மின்சாரத்தை நிறுத்தினால் அந்தத் தகவல் அழிந்துபோகக்கூடும்.

மூன்றாவது வகைதான் வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது. தீ சில நிமிடம் நன்றாக எரிகிறது, பிறகு தீ மட்டும் அணைகிறது, காற்றாடி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, சற்றுப் பொறுத்துத் தீ மறுபடி பற்றுகிறது. கூடு மிதமிஞ்சிச் சூடாகி லிமிட் சுவிட்ச் அணைத்திருக்கிறது என்பதன் அடையாளம் இது. சூட்டை எடுத்துச் செல்லப் போதிய காற்று வரவில்லை. காரணம் தேட வேண்டிய முதல் இடம் ஃபில்டர்.

ஃபில்டர் விஷயத்தில் நல்லெண்ணமே பல வீடுகளைக் கெடுத்திருக்கிறது. கொரோனா காலத்தில் நுண்கிருமிகளுக்காகவும், 2023 கோடையில் காட்டுத்தீப் புகைக்காகவும் மெர்வ் 13 என்ற உயர்தர ஃபில்டர்களை மக்கள் தேடி வாங்கினார்கள். நுரையீரலுக்கு அவை நல்லவை. ஆனால் ஓர் அங்குலத் தடிமனில் அவ்வளவு நெருக்கமான துணி வைத்தால், அந்தக் காற்றுப்பாதைக்கென்று கணக்கிட்டு அமைக்காத வீட்டில் காற்றாடி மூச்சுத் திணறும். புதிதாக இருக்கும்போதே இழுவை கூடுதல். ஒரு மாதத் தூசியும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தாளித எண்ணெய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் கலந்த காற்று சுழலும் வீடுகளில் ஃபில்டர் இன்னும் சீக்கிரம் கறுக்கும். மூன்று மாதம் தாங்கும் என்று உறையில் எழுதியிருப்பதை நம்பாமல், குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதே சரி. உயர்தர ஃபில்டர்தான் வேண்டும் என்பவர்கள் நான்கைந்து அங்குல ஃபில்டர் பொருந்தும் பெட்டியை ஒருமுறை அமைத்துவிட்டால் இரண்டும் கிடைக்கும்: மடிப்புகள் ஆழமாவதால் காற்று நுழையும் பரப்பு பல மடங்கு கூடுகிறது.

ஃபில்டரை மாற்றியும் சரியாகாவிட்டால் அடுத்த சந்தேகம் ஃபர்னஸின் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஏசி காயில். முன்பு எப்போதோ ஃபில்டர் இல்லாமல் ஓடிய வீட்டில் அதன் அடிப்பக்கத்தில் தூசி கம்பளி போல் ஒட்டியிருக்கும். திறந்து பார்க்காத வரை யாருக்கும் தெரியாது.

அறைகளில் காற்று வரும் துவாரங்களை மூடி வைப்பதும் இதே கோளாறில் கொண்டுபோய் விடும். ஆளில்லாத அறைக்கு எதற்குச் சூடு என்று மூடுகிறார்கள், சிக்கனம் என்று நினைத்து. ஃபர்னஸ் அதே அளவு வெப்பத்தைத்தான் உண்டாக்குகிறது. அது வெளியேறும் வழிதான் குறைகிறது. பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளில் இந்தச் சிக்கல் மனிதச் சிக்கலாகவும் ஆகிறது. தெர்மோஸ்டாட் மாடியில், அதுவும் பலமுறை அடுப்பங்கரைக்குப் பக்கத்தில். மாலையில் நான்கு அடுப்பும் எரியும்போது வீடு முழுவதும் சூடாகிவிட்டதாக அது நம்பி ஃபர்னஸை நிறுத்துகிறது. கீழே குடியிருப்பவர் குளிரில் கிடக்கிறார். அவர் முறையிட்டால் மேலே சில துவாரங்களை அடைத்துக் காற்றைக் கீழே திருப்பப் பார்க்கிறார்கள். ஃபர்னஸ் சூடேறி நிற்கத் தொடங்குகிறது. குளிர்காலத்தில் வாடகை வீட்டில் 21 பாகையாவது இருக்க வேண்டும் என்பது டொராண்டோ மாநகர விதி. துவாரங்களை எல்லாம் திறந்துவிட்டு, தெர்மோஸ்டாட்டை வீட்டின் நடுவே, வெயிலும் விளக்கும் அடுப்பும் வாசல் குளிரும் படாத உட்சுவருக்கு மாற்றுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. வாடகை வாங்குபவர் அதைச் செய்துதான் ஆக வேண்டும்.

எல்லாம் சுத்தமாக இருந்தும், எந்த சுவிட்சும் தடுக்காமலும், கேட்ட வெப்பநிலையை ஐந்தே நிமிடத்தில் எட்டிவிட்டு நின்று, மறுபடி ஐந்து நிமிடத்தில் கிளம்பும் ஃபர்னஸ் ஒன்று உண்டு. சாதாரண நாளில் ஒரு ஃபர்னஸ் மணிக்கு மூன்று முதல் ஐந்து முறை கிளம்பி, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் அளவுக்கு ஓடினால் அது ஆரோக்கியம். அதற்கு மேல் தெர்மோஸ்டாட்டின் அமைப்பு சரியாக இருந்தும் அடிக்கடி நிற்கிறதென்றால், ஃபர்னஸ் அந்த வீட்டுக்குப் பெரியது. இதைத் துடைத்தும் மாற்றியும் சரிசெய்ய முடியாது. தவறு நடந்தது வாங்கிய நாளில்.

அந்தத் தவறு எப்படி நடக்கிறது என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனெனில் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. பழைய ஃபர்னஸின் பெயர்ப்பலகையில் 1,00,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) என்று எழுதியிருக்கிறது. மாற்ற வந்தவர் அதைப் பார்த்து இன்னொரு 1,00,000 பிடியூ ஃபர்னஸை எழுதிக்கொடுக்கிறார். பழையது 60 சதவீதத் திறன் கொண்டது. வீட்டுக்குள் வந்தது 60,000 பிடியூ, மீதி புகைபோக்கி வழியே போனது. புதியது 96 சதவீதம். வீட்டுக்குள் வருவது 96,000. எண் ஒன்றுதான், வெப்பமோ ஒன்றரை மடங்குக்கும் மேல். இதற்கிடையே அந்த வீட்டில் ஜன்னல்களை மாற்றியிருப்பார்கள், பரணில் வெப்பக்காப்பு போட்டிருப்பார்கள், கதவிடுக்குகளை அடைத்திருப்பார்கள். தேவை குறைந்திருக்கிறது, இயந்திரம் பெருத்திருக்கிறது. அதோடு பழைய வீட்டின் காற்றுக் குழாய்கள் அவ்வளவு காற்றைச் சுமக்கவும் முடியாது. ஆக, பெரிய ஃபர்னஸ் லிமிட் சுவிட்சையும் சேர்த்தே தட்டுகிறது.

பெரியதாக இருந்தால் நல்லதுதானே என்ற எண்ணம் இதற்கு உதவுகிறது. மைனஸ் 20-ல் ஃபர்னஸ் ஓய்வே இல்லாமல் ஓடினால் பயப்படுகிறார்கள். உண்மையில் ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவில் கிட்டத்தட்ட இடைவிடாமல் ஓடும் ஃபர்னஸ்தான் அந்த வீட்டுக்கு அளவெடுத்தது. நீண்ட நேரம் மெதுவாக ஓடினால் காற்று கடைசி அறை வரை போய்க் கலக்கும்; மூன்று நிமிடம் பொங்கி அடங்கினால் தெர்மோஸ்டாட் இருக்கும் கூடம் மட்டும் வெந்துபோகும், மூலை அறைக் குழந்தைக்குக் கம்பளி தேவைப்படும். ஒவ்வொரு தொடக்கத்திலும் இக்னைட்டர் தேய்கிறது, உலோகக் கூடு விரிந்து சுருங்குகிறது. பெட்டியில் 96 சதவீதம் என்று ஒட்டியிருப்பது நன்றாகச் சூடேறி ஓடும் இயந்திரத்துக்கு. ஓடத் தொடங்கியதுமே நின்றுவிடும் இயந்திரம் அந்தத் திறனைத் தருவதில்லை. அதிகப் பணம் கொடுத்து, அதிக வாயு எரித்து, குறைந்த சுகத்தை வாங்குவது இது.

சரியான அளவைக் கண்டுபிடிக்கும் கலை ரகசியம் ஒன்றுமில்லை. கனடாவில் சிஎஸ்ஏ எஃப்280 என்ற தரவிதி இருக்கிறது. அமெரிக்காவில் மேனுவல் ஜே. வீட்டின் சுவர், கூரை, ஜன்னல், காற்றுக்கசிவு எல்லாவற்றையும் அளந்து, அந்த ஊரின் கடுங்குளிர் நாளில் மணிக்கு எவ்வளவு வெப்பம் வெளியேறும் என்று கணக்கிடுவதுதான் இரண்டும். டொராண்டோவுக்குக் கட்டட விதிகள் எடுத்துக்கொள்ளும் கடுங்குளிர் மைனஸ் 18 பாகை அளவு. புது வீடு கட்டும்போது இந்தக் கணக்கு கேட்கப்படுகிறது. பழைய வீட்டில் ஃபர்னஸ் மாற்றும்போதோ, பெரும்பாலும் கேட்பார் இல்லை.

வீட்டுக்காரரே தோராயமாகச் சோதிக்க ஒரு வழி உண்டு. வெளியே மைனஸ் 18 அளவில் இருக்கும் இரவில், தெர்மோஸ்டாட்டை ஒரே எண்ணில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் தீ எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறித்துக்கொள்வது. புதிய ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்கள் பல இதைத் தாமே பதிந்து வைக்கின்றன. 60 நிமிடத்தில் 30 நிமிடம்தான் எரிந்தது, லிமிட் சுவிட்சும் குறுக்கிடவில்லை என்றால், அந்த வீட்டுக்குத் தேவை இப்போதிருக்கும் ஃபர்னஸில் ஏறக்குறைய பாதி. அடுத்த முறை மாற்றும்போது இந்த ஒரு குறிப்பு பெயர்ப்பலகையைவிட நேர்மையான சாட்சி.

பெரிய ஃபர்னஸை வாங்கிவிட்டவர்களுக்கும் வழியே இல்லாமல் இல்லை. இரண்டு நிலையில் எரியும் வகையாக இருந்தால், பலகை அமைப்பை மாற்றி நீண்ட நேரம் முதல் நிலையிலேயே ஓடவைக்கலாம். தெர்மோஸ்டாட்டில் மணிக்கு எத்தனை முறை என்ற அமைப்பைக் குறைக்கலாம். வீட்டுக் காற்று ஃபர்னஸுக்குத் திரும்பும் பாதையை அகலப்படுத்தலாம். முழு நிவாரணம் கிடைக்காது, ஆனால் அடுத்த ஃபர்னஸ் வரை காலம் தள்ளலாம்.

இனிப் பாதுகாப்பு. இங்கே விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஃபில்டர், துவாரங்கள், தெர்மோஸ்டாட் பேட்டரி, வெளிக்குழாய்ப் பனி, இவை வீட்டுக்காரரின் வேலை. வாயு வால்வும் பர்னரும் உள் இணைப்புகளும் உரிமம் பெற்ற டெக்னீசியனுக்கு மட்டுமே. ஒன்டாரியோவில் அந்த உரிமத்தைக் கொடுப்பது டிஎஸ்எஸ்ஏ என்ற தொழில்நுட்பப் பாதுகாப்பு ஆணையம். தொல்லை தரும் சுவிட்சை ஒரு கம்பித்துண்டால் இணைத்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று சொல்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் அவரை மறுபடி பேஸ்மென்டுக்குள் விடக் கூடாது. 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக் ஊரில், வாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டதால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் பரவி, தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பமே மாண்டது. அந்தத் துயரத்துக்குப் பிறகே, 2013-ல், அக்குடும்பத்தின் பெயரால் ஹாக்கின்ஸ் கின்யாக் சட்டம் வந்து வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயமானது. வாடையும் நிறமும் இல்லாத வாயு அது. அலாரம் அடித்தாலோ, எரிவாயுக் கசிவின் அடையாளமான அழுகிய முட்டை வாடை வந்தாலோ, கோளாறு என்ன என்று ஆராயாமல் எல்லாரும் வீட்டைவிட்டு வெளியேறிய பிறகே தொலைபேசியை எடுக்க வேண்டும்.

இந்தப் பயம் உண்மையானது என்பதாலேயே அதை விற்பனைக்குப் பயன்படுத்துவது கொடுமை. ‘ரெட் டேக்’ என்ற சிவப்புச் சீட்டு ஒட்டப்பட்டதும் பல குடும்பங்கள் அன்றைக்கே புதிய ஃபர்னஸுக்குக் கையெழுத்திடுகின்றன. சீட்டில் இரண்டு வகை உண்டு: உடனடி ஆபத்து என்றால் ஏ வகை, வாயு அப்போதே நிறுத்தப்படும், உடனடி ஆபத்து இல்லை, குறித்த காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்றால் பி வகை. வெப்பக்கூடு விரிசல் விட்டிருக்கிறது என்று சொன்னால் அந்த விரிசலின் படத்தைக் கேட்பதும், அளந்த கார்பன் மோனாக்சைடு அளவை எழுதித் தரச் சொல்வதும், இன்னோர் உரிமம் பெற்றவரை அழைப்பதும் வீட்டுக்காரரின் உரிமை. அதுவரை ஃபர்னஸை நிறுத்திவைத்து, மின் ஹீட்டரில் ஓர் இரவைக் கழிப்பது பத்தாண்டு ஒப்பந்தத்தைவிட மேல்.

ஒன்டாரியோ அரசு இதில் தூங்கிவிடவில்லை. 2018 மார்ச் 1 முதல், அழைக்காமல் வீட்டு வாசலுக்கு வந்து ஃபர்னஸ், ஏசி, தண்ணீர் ஹீட்டர் விற்பது அங்கே தடை. வாடகை ஃபர்னஸுக்காக வீட்டுப் பத்திரத்திலேயே உரிமைக் குறிப்பைப் பதிவு செய்துவிட்டு, வீட்டை விற்கும்போது பெருந்தொகை கேட்கும் வழக்கத்தையும் 2024 ஜூனில் வந்த வீட்டு உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் நிறுத்தியது. ஏமாந்தவர்களில் முதியவர்கள் நிறையப் பேர். ஆங்கிலத்தில் நெருக்கமாக அச்சிட்ட ஒப்பந்தத்தைப் படிக்காமல், வந்த பையனின் மரியாதையான பேச்சை நம்பிக் கையெழுத்திட்டவர்கள்.

இரண்டு சட்டங்களும் விற்கும் விதத்தைக் கட்டுப்படுத்தின. விற்கும் பொருளின் அளவைத் தொடவில்லை. செய்ய வேண்டியது பெரிய காரியமும் இல்லை: பழைய வீட்டில் ஃபர்னஸ் மாற்றும் ஒவ்வொரு ஒப்பந்தத்தோடும் எஃப்280 முறையில் போட்ட வெப்ப இழப்புக் கணக்குத் தாள் இணைக்கப்பட வேண்டும் என்று விதிக்க வேண்டும். பொருத்தி முடித்த நாளில் உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை அளந்து, பெயர்ப்பலகை சொல்லும் வரம்புக்குள் இருக்கிறதா என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். நேர்மையான டெக்னீசியன்கள், அவர்களில் தமிழர்களும் உண்டு, இதை இப்போதே செய்கிறார்கள். அவர்களுக்கு ஆகும் நேரம் சில மணிதான். ஆனால் கணக்கே போடாமல் பெரிய பெட்டியைக் குறைந்த விலைக்குச் சொல்பவரோடு அவர்கள் போட்டியிட வேண்டியிருக்கிறது.

இன்று பல குடும்பங்கள் வாயு ஃபர்னஸோடு ஹீட் பம்ப்பையும் சேர்த்துப் பொருத்தத் தொடங்கியிருக்கின்றன. அளவு தவறினால் அதுவும் இதேபோல் நின்று நின்றுதான் ஓடும், விலையோ இன்னும் அதிகம். பழைய ஃபர்னஸின் பெயர்ப்பலகையைப் பார்த்து எண்ணை எழுதும் பழக்கம் அதற்கும் தொற்றுவதற்கு முன்பே அந்தக் கணக்குத் தாளைச் சட்டமாக்கிவிட வேண்டும். சட்டம் வரும் வரை, கையெழுத்துக்கு முன் அந்தத் தாளை ஒவ்வொரு வீட்டுக்காரரும் கேட்டு வாங்க வேண்டும். பெற்றோரின் வீட்டுக்கு ஃபர்னஸ் மாற்றப்படுகிறது என்றால் பிள்ளைகள் உடன் உட்கார்ந்து கேட்க வேண்டும்.